பீலி மாதிரி என்று சொன்ன முதலாளிக்கு

1

சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் லொட்ஜ் நடத்தும் முதலாளி, என் மருமகளின் இரகசியம் ஊரெல்லாம் போனதற்கு நீங்கள்தான் காரணம்.

உங்கள் பெயரை இங்கே எழுதப் பத்திரிகைக்காரர்கள் விடமாட்டார்கள். எழுதத் தேவையுமில்லை. இந்த முதல் வரியைப் படித்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சிவனொளிபாதமலை சீசன் மறுபடி தொடங்கிவிட்டது. போன வாரம் சுகந்தி எனக்கு ஈமெயில் போட்டாள். அந்த மருமகள்தான் சுகந்தி, என் தங்கச்சி லெட்சுமியின் மகள், அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "மாமா, அந்த போர்ட மறுபடியும் மாட்டிட்டாங்களாம். இந்த தடவ கலர் பல்பு போட்டு" என்று எழுதியிருந்தாள். போர்டில் இருப்பது 'வைஃபை இலவசம்' என்ற இரண்டு சொற்கள்தான். நான் வேலை செய்யும் பேக்கரியில் தேநீர் இடைவேளையில் அதைப் படித்தேன். அதன் பிறகு அன்று பிசைந்த மாவு ஒன்றும் சரியாக வரவில்லை.

நான் எழுத்தாளன் இல்லை. தொண்ணூறுகளில் அக்கரப்பத்தனையில் இருந்து கிளம்பி டொரன்டோ வந்து சேர்ந்தவன். இங்கே எல்லாப் படிவத்திலும் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். அதிலிருந்து இந்த நாடு என்னை முத்துசாமி என்றுதான் கூப்பிடுகிறது. காலையில் சுப்பர்வைசர் வேலை பிரிக்கும்போது "முத்துசாமி" என்பான், நான் கையைத் தூக்குவேன். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்ட மாதிரியே இருக்கும். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே செத்துப்போன மனுசன் என் அப்பா. கண்டிக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. அவருக்கு டொரன்டோவில் தினமும் வேலைக்குப் பெயர் விழுகிறது.

அது கிடக்கட்டும். விசயத்துக்கு வருகிறேன்.

2

லயத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்தான் லயம். லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். புருசன் பொண்டாட்டி சண்டைக்குப் பக்கத்து வீட்டிலிருந்தே தீர்ப்பு வரும்.

எங்களுக்கு இடது பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவர்கள் பேசுவது எல்லாம் எங்களுக்குக் கேட்கும். ஒரு வார்த்தை விளங்காது. லெட்சுமிக்கு அதில் பெரிய பொறாமை. "அவங்களுக்கு மட்டும் செவுரு கூர வரைக்கும் இருக்குற மாதிரிண்ணே" என்பாள்.

சுகந்திக்குச் சின்ன வயதிலேயே வலிப்பு வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கே அப்போது ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா இருந்தார். நல்ல மனுசி. வலிப்பு வருவதற்கு முன்னால் என்ன தெரியும் என்று பிள்ளையிடம் கேட்டார். கண்ணுக்கு முன்னால் பச்சையும் நீலமுமாக விரியும், மயில் மாதிரி என்றாள் பிள்ளை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மயில்.

"இன்னைக்கு மயில் வந்துச்சு" என்று லெட்சுமி சொல்வாள். சுவருக்கு மேலால் அது எல்லா வீட்டுக்கும் போகும். பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அது முருகன் கனவு. பிள்ளைக்கு அடிக்கடி மயில் வருகிறதாமே என்று கதிர்காமத்து விபூதியைக் கொண்டுவந்து பூசிவிட்டுப் போவாள். லெட்சுமி வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். "அவங்களுக்கு தெலுங்கு இருக்கு, எனக்கு மயில் இருக்கு."

ஒரு பொட்டைப் பிள்ளைக்கு வலிப்பு என்று தெரிந்தால் ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சொல். அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் லெட்சுமி, கொழும்பில் கடை வேலை பார்க்கும் அவள் புருசன், நான், டாக்டரம்மா, சுகந்தி. ஆறாவது ஆள் கிடையாது. சுகந்தி படித்தாள், டீச்சர் ஆனாள். மாத்திரை ஒழுங்காகப் போட்டதால் மயில் வருவதும் நின்றது. ஓட்டைச் சுவருக்கு நடுவில் இத்தனை வருடம் அந்தச் சொல் தாங்கியது.

உங்கள் வைஃபையில் ஒரு பின்னேரம்கூடத் தாங்கவில்லை.

3

போன சீசனில் நான் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மகள் அபிராமி யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். கனடாவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன். சொல்லிக்கொடுத்த டீச்சர் யாழ்ப்பாணம். இப்போது என் மகள் என்னோடு பேசுவதில்லை, கதைக்கிறாள். நான் "வாங்க" என்றால் அவள் "வாங்கோ" என்பாள். சொந்த மகளின் தமிழில் என் ஊர் இல்லை என்பது ஒரு மாதிரியான வலி. கோபித்துக்கொள்ளவும் முடியாது, அவள் பேசுவதும் தமிழ்தானே.

மலைக்குப் போவதற்காக நல்லதண்ணியில் உங்கள் லொட்ஜில் தங்கினோம். சுகந்தியும் எங்களோடு வந்தாள். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை டிக்கோயாவில் ஒரு அலுவலகத்தில் கிளார்க், செல்வகுமார் என்று பெயர். தனக்கு வலிப்பு இருந்ததைக் கல்யாணத்துக்கு முன் தானே அவனிடம் சொல்வது என்று சுகந்தி முடிவெடுத்திருந்தாள். அதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் சில விசயம் கேட்க வேண்டும். மாத்திரையோடு பிள்ளை பெறலாமா, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று. டாக்டரம்மா கொழும்புக்கு மாறிப் போயிருந்தார். அதனால் ஈமெயிலில் கேட்டிருந்தாள், பதிலுக்குக் காத்திருந்தாள்.

உங்களிடம் பாஸ்வேர்ட் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க" என்றீர்கள். "நம்ம பீலி மாதிரிதான். யாரு வேணும்னாலும் வந்து புடிச்சிக்கலாம்."

அபி என்னைப் பார்த்தாள். "பீலி எண்டா என்னப்பா?"

"பாப்பா யாழ்ப்பாணமா?" என்று கேட்டீர்கள்.

"அக்கரப்பத்தனை. வாய் மட்டும்தான் யாழ்ப்பாணம்" என்றேன்.

மலையில் இருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைத் தகரத்திலோ மூங்கிலிலோ பிடித்து லயத்துக்குக் கீழே விழ வைத்திருப்பதுதான் பீலி என்று அவளுக்குச் சொன்னேன். பூட்டு இல்லை, சாவி இல்லை. ஜென்மப் பகை உள்ளவன்கூட அங்கே வாளியை வைப்பான், யாரும் தடுக்கமாட்டார்கள். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. பீலி என்று ஒருவன் சொன்னால் அதற்கு மேல் நம் ஆட்கள் ஒன்றும் கேட்கமாட்டோம். அந்தச் சொல்லைப் போட்டுத்தான் எங்கள் வாயை அடைத்தீர்கள்.

அபி மட்டும் அடங்கவில்லை. பூட்டு இல்லாத நெட்வேர்க்கில் அப்படியே போகக்கூடாது என்று சொல்லித் தன் கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினாள். அவள் யூனிவர்சிட்டி கொடுத்த வி.பி.என். என்ற சாமானாம். "முதல்ல எங்கட யூனிவர்சிட்டிக்குப் போய், அங்க இருந்துதான் வெளியில போகும்" என்றாள்.

"நல்லதண்ணியில இருந்து ஹட்டனுக்குப் போக எதுக்கும்மா கனடா வழியா போற?" என்று கேட்டேன். சுகந்தியும் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். கவுண்டருக்குப் பக்கத்து மேசையில் எந்நேரமும் லப்டொப்போடு உட்கார்ந்திருந்த உங்கள் மச்சான் மட்டும் சிரிக்காமல் அபியின் திரையை எட்டிப் பார்த்தார்.

அபி தன்னுடையதைச் சுகந்திக்கு நீட்டினாள். "மச்சாள், இதில பாருங்கோ." சுகந்திக்குக் கூச்சம். வேண்டாம், மாமாவோடதில் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னுடைய லப்டொப்பில் உட்கார்ந்தாள். அதில் வி.பி.என்.னும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவின் பதில் வந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ், கீழே சுகந்தி கேட்டிருந்த கேள்விகளும். வலிப்பு என்ற சொல்லும் மயில் என்ற சொல்லும் பக்கத்துப் பக்கத்தில். மயில் நீண்ட காலமாக வரவில்லை என்பதால் கல்யாணம் தாராளமாகச் செய்யலாம், அவரிடம் நீங்களே சொல்லுங்கள், நேரில் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். சுகந்தி வாசித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம அவர பாக்க போறேன் மாமா" என்றாள்.

4

ஞாயிறு வரவில்லை. அதாவது அவளுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை லெட்சுமி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். தகரத்தில் தண்ணீர் விழுகிற நிஜமான பீலிக்கு. மேல் லயத்துப் பெண் ஒருத்தி வாளியை நகர்த்திக்கொண்டே கேட்டாளாம், "ஏ லெட்சுமி, ஒம் மகளுக்கு இப்பயும் மயில் வருதா?"

இத்தனை வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் அதை முருகனோடு சேர்த்துத்தான் கேட்டார்கள். இவள் கேட்ட விதம் வேறு. லெட்சுமி வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், சுவருக்கு மேலே அந்த இடைவெளி இருக்கிறதே.

அன்று பின்னேரமே டிக்கோயாவில் இருந்து செல்வகுமாரின் அம்மா ஆள் அனுப்பிவிட்டார். நோயை மறைத்துப் பெண் கொடுக்கப் பார்த்தோமாம். யார் சொன்னது என்று கேட்டதற்கு "நல்லதண்ணிப் பக்கமிருந்து வந்த பேச்சு" என்று மட்டும் பதில் வந்தது. மாத்திரை, டாக்டர், கொழும்பு, பிள்ளை பெறுவது பற்றிய கேள்வி, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஈமெயிலில் இருந்தது மட்டும் தெரிந்திருந்தது. அதில் இல்லாத ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

செல்வகுமார் சுகந்திக்கு போன் எடுத்தான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் பெரிய வேதனை.

"நீங்க சொல்லியிருந்தா நான் அம்மாகிட்ட பேசியிருப்பேன்" என்றானாம்.

"சொல்லத்தான் இருந்தேன்" என்றாளாம் இவள். "ஞாயித்துக்கெழம."

கல்யாணம் நின்றது.

அது அங்கேயும் நிற்கவில்லை. அடுத்த வாரம் தாய் தகப்பன்மார் சிலர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் இந்த டீச்சர் விழுந்தால் பிள்ளைகள் பயந்துவிடும் என்றார்கள். பள்ளிக்கூடத்து அதிபர் சுகந்தியைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கச் சொன்னார்.

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு நோயா என்று எதையோ சொன்னேன். அவள் என்னைப் பேச விடவில்லை.

"நோவு இருக்குறது தெரிஞ்சதுக்கு எனக்கு கவல இல்ல மாமா. என் வாயால நான் சொல்ல இருந்தத யாரோ எடுத்துச் சொல்லிட்டாங்க. அது என்னோட பேச்சு."

5

உங்களைப் பார்க்க வந்தேன். யுத்தம் இன்னும் முடியாத நாட்கள், வழியெல்லாம் சோதனைச் சாவடி. நம் ஆட்கள் ஐடென்டிக் கார்டை பொலித்தீன் உறையில் போட்டு நெஞ்சுப் பையில் வைத்து, ஒரு தடவைக்கு மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அன்று நானும் தொட்டுப் பார்த்தேன். காகிதத்தை இப்படிக் காப்பாற்றத் தெரிந்த சனம், வீட்டு இரகசியத்தை உங்கள் வைஃபைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் நான் இரண்டு விசயம் கேட்டேன். அன்று உங்கள் நெட்வேர்க்கில் யார் யார் இருந்தார்கள்? பூட்டு ஏன் போடவில்லை?

நீங்கள் கல்லாவில் இருந்து எழும்பவில்லை. "நான் சும்மா குடுக்குறேன். பீலியில தண்ணி புடிச்சிட்டு வாளி ஓட்டைன்னு வந்து நின்னா நான் என்னாங்க பண்றது?" என்றீர்கள்.

பக்கத்து மேசை காலியாக இருந்தது. மச்சான் எங்கே என்று கேட்டேன். கண்டிக்குப் போயிருக்கிறார் என்றீர்கள். எப்போது வருவார் என்றதற்கு, சீசன் நேரத்தில் வியாபாரத்தைக் கெடுக்க வேண்டாம் என்றீர்கள்.

உங்கள் மச்சான்தான் வாசித்தார் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. உங்கள் வாசலில் நின்ற வேன் ஒன்றுக்குள் இருந்தவனாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதுதான் என் ஆத்திரம். பீலியில் யார் நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். உங்கள் பீலியில் யார் நின்றார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

6

டொரன்டோ திரும்பிய பிறகு அபியை உட்கார வைத்துக் கேட்டேன். இது எப்படி நடக்கும், எனக்கு விளங்குகிற மாதிரி சொல் என்று. அவளுக்குப் பொறுமை குறைவு. தமிழில் தொடங்கி இங்கிலீஷுக்குப் போய்விடுவாள். நான் மறுபடி தமிழுக்கு இழுத்து வருவேன். ஆனாலும் அன்று மாதிரி நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசி வருடக்கணக்காகிறது.

வைஃபை என்பது காற்றில் போவது. பூட்டு இல்லாத நெட்வேர்க்கில் நீங்கள் அனுப்புவதும் உங்களுக்கு வருவதும் பக்கத்தில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கேட்கும். மற்றவை கேட்காத மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கேட்க வைக்கும் புரோகிராம் சும்மாவே கிடைக்கிறதாம். எங்கள் ஈமெயிலில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது மேலே பூட்டுப் படம் இருந்தது. உள்ளே போனதும் அது மறைந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. வாசலில் பூட்டு, உள்ளே சுவருக்கு மேல் இடைவெளி.

"அப்ப வி.பி.என். போட்டா காத்துல போகாதா?" என்று கேட்டேன்.

"போகும் அப்பா. எல்லாருக்கும் கேட்கும். ஒருத்தருக்கும் விளங்காது."

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. "தெலுங்கு வீடு" என்றேன். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. சுவரையும், இடது பக்கத்துக் குடும்பத்தையும், லெட்சுமியின் பொறாமையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மாமிதான் எங்கட குடும்பத்தில முதல்ல வி.பி.என். போட்ட ஆள்" என்றாள். லெட்சுமியைத்தான் சொன்னாள்.

ஊரில் இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இப்போது கடைக்குக் கடை வைஃபை வருகிறதாம். ஒரு நெட்வேர்க் ஒன்றுமே கேட்காமல் உங்களை உள்ளே விட்டால், அது மரியாதை இல்லை. பெயருக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இல்லையென்றால் அதில் ஈமெயில் பார்க்காதீர்கள், பேங்க் வேலை செய்யவே செய்யாதீர்கள். பூட்டு இருந்தாலும் டபிள்யூ.ஈ.பி. என்று போட்டிருந்தால் அது பழைய பூட்டு, குண்டூசியால் திறக்கலாம் என்கிறாள் அபி. பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் அது ஊருக்கே கொடுத்த சாவி. கடைப் பெயரிலேயே இரண்டு நெட்வேர்க் தெரிந்தால் ஒன்று எவனோ வைத்த பொறியாக இருக்கலாம். எது உங்களுடையது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் அந்த நெட்வேர்க்கை மறந்துவிடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை உங்களைக் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும்.

வேறு வழியே இல்லை என்றால் வி.பி.என். போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் அதிலும் ஒன்று இருக்கிறது. வி.பி.என். நடத்துகிறவனுக்கு நம் போக்குவரத்துத் தெரியும். முகம் தெரியாதவன் சும்மா கொடுக்கும் வி.பி.என்., இன்னொரு நல்லதண்ணி முதலாளி. படிக்கும் இடமோ வேலை செய்யும் இடமோ கொடுத்தால் எடுங்கள், அல்லது பெயர் உள்ளவனிடம் வாங்குங்கள்.

7

சுகந்தி வீட்டில் இருக்கவில்லை. தாய் தகப்பன்மார் கூட்டத்துக்குத் தானே போனாள். எழும்பி நின்று சொன்னாளாம், எனக்கு வலிப்பு இருந்தது, இப்போது வருவதில்லை, இனி வந்தாலும் இப்படித்தான் வரும் என்று. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஒன்றையும் வைக்க வேண்டாம், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம் என்றாளாம். பின் வரிசையில் இருந்து ஒருவர் "அப்ப இரும்பு வேணாமா டீச்சர்?" என்று உண்மையாகவே கேட்டிருக்கிறார். "இரும்ப கொல்லன்கிட்ட குடுங்க" என்றிருக்கிறாள். சபை சிரித்திருக்கிறது. அவளை மறுபடி வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சில பேர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றியும் விட்டார்கள்.

செல்வகுமாருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அவள் முதலில் சொல்ல நினைத்த ஆள் அவன். ஊரெல்லாம் அவள் வாயால் கேட்டது. அவன் மட்டும் கேட்கவில்லை.

இதை எழுதும் முன் அவளிடம் கேட்டேன், பெயரை மாற்றி எழுதவா என்று. "வேணாம் மாமா. எம் பேரு ஏற்கனவே எல்லா எடமும் போயிருச்சி. மயில்னும் எழுதுங்க. இப்ப அதுக்கு ஒன்னும் பூட்டு இல்ல" என்றாள்.

முதலாளி, இப்போது உங்களிடம் கேட்கிறேன். அன்று அந்த நெட்வேர்க்கில் உட்கார்ந்திருந்தது யார்? உங்கள் மச்சானிடம் கேட்டீர்களா, அவர் என்ன சொன்னார்? இத்தனைக்கும் பிறகு, அந்தக் கலர் பல்புக்குக் கீழே இப்போதாவது பூட்டு இருக்கிறதா? பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். லெட்சுமி வீட்டுக்கு ஆளும் அனுப்ப வேண்டாம். இதே பத்திரிகையில், இதே ஊர் பார்க்க, எழுதுங்கள். என் மருமகள் தன் பெயரைச் சொல்லிவிட்டாள். நீங்களும் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.